ஈயமில்லாத பெட்ரோல் பழைய இன்ஜினைத் தின்றுவிடுமா?

கேள்வி இதுதான். அப்பா வாங்கிய 1974 அம்பாசிடர், மார்க் 2, பெட்ரோல் இன்ஜின். பல வருடம் ஷெட்டில் நின்ற வண்டி இப்போது மறுபடி ஓட ஆரம்பித்திருக்கிறது. மெக்கானிக் ஒருவர், "இதெல்லாம் ஈயம் போட்ட பெட்ரோலுக்குச் செஞ்ச வண்டி. இப்ப வர்ற பெட்ரோல்ல வால்வு சீட் தேஞ்சு போயிடும். ஹெட்டை இறக்கி ரிங் சீட் போட்டுடலாம்" என்கிறார். (ஹெட் என்பது சிலிண்டரின் மேல் மூடி, வால்வுகள் அதில்தான் இருக்கும். வால்வு வந்து மூடும் விளிம்புதான் சீட். ரிங் சீட் என்பது அங்கே அடித்து உட்கார வைக்கும் தனி வளையம்.) நண்பர் ஒருவர், அதெல்லாம் வேண்டாம், பாட்டிலில் வரும் மருந்தை டேங்கில் ஊற்றினால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதும் வேண்டாம். நுண்ணிய இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் ஒன்றும் ஒரு நோட்டும் வாங்குங்கள், போதும். ஆனால் மெக்கானிக் சொன்னது கட்டுக்கதை இல்லை. அந்தப் பயத்துக்குள் உண்மை இருக்கிறது. அது எந்த இன்ஜினில், எப்படி ஓட்டும்போது உண்மை என்பதுதான் விஷயம். அதைச் சரியாகப் புரிந்துகொண்டால் தேவையில்லாமல் ஹெட்டை இறக்கும் செலவும் மிஞ்சும், தேவைப்படும்போது இறக்காமல் விட்டு வால்வு எரியும் செலவும் மிஞ்சும்.

முதலில் ஈயம் எதற்காகப் பெட்ரோலுக்குள் வந்தது என்று பார்த்துவிடலாம். வால்வைக் காப்பாற்ற அது வரவில்லை. 1921 டிசம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைத் துளியளவு பெட்ரோலில் கலந்தால் இன்ஜின் 'நாக்கிங்' அடிப்பது, அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடித்துத் தட்டுவது, நிற்கிறது என்று கண்டுபிடித்தார். 1923 பிப்ரவரியில் அதே ஊர் பங்கில் விற்பனைக்கு வந்தது. நாக்கிங் நின்றதால் அழுத்த விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற கணக்கை) கூட்ட முடிந்தது, அதே அளவு இன்ஜினில் கூடுதல் பவர் கிடைத்தது. மலிவான வழி என்பதால் உலகம் முழுக்கப் பரவியது. எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கும் அதனால் ஒரு பாதுகாப்பு கிடைத்தது யாரும் கேட்காமல் வந்த உபரி லாபம். பல பத்தாண்டுகள் கழித்து ஈயத்தை எடுத்தபோதுதான் அந்த உபரியின் மதிப்பு பலருக்குத் தெரிய வந்தது.

அந்தப் பாதுகாப்பு எப்படி வேலை செய்தது? உங்கள் வண்டியின் ஹெட் வார்ப்பிரும்பு. வால்வு வந்து உட்காரும் சீட் தனி வளையம் கிடையாது, அந்த வார்ப்பிரும்பிலேயே நேராகக் கடைந்தது. இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை அந்த சீட்டில் வந்து அறைகிறது. இன்லெட் பக்கம் கவலை இல்லை. உள்ளே வரும் காற்றும் பெட்ரோலும் அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு அப்படி இல்லை. எரிந்த வாயு முழுக்க அதைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே போகிறது. பளு ஏற்றி வேகமாக ஓட்டும்போது வால்வின் தலை செக்கச்செவேல் என்று பழுத்துவிடும். அந்தச் சூட்டின் பெரும்பகுதியை வால்வு மூடியிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்த வேண்டும்.

அந்தச் சூட்டில் வால்வு முகமும் சீட்டும் வெறும் உலோகமாகத் தொட்டால், நுண்ணிய புள்ளிகளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வால்வு திறக்கும்போது சீட்டிலிருந்து பொடி இரும்பைப் பிய்த்துக்கொண்டு போகும். அந்தப் பொடி ஆக்சைடாகி வால்வு முகத்தில் கெட்டியாகப் பதிந்துவிடும். அதன் பிறகு வால்வு முகமே உப்புத்தாள் மாதிரிதான். ஒவ்வொரு அறைக்கும் சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் மேலே மேலே ஏறிப் போகும். இதைத்தான் பட்டறைகளில் 'சீட் உள்ள போயிடுச்சு' என்கிறார்கள். ஈயம் இருந்த காலத்தில் அது எரிந்து உண்டான ஈய ஆக்சைடு, சல்பேட், புரோமைடு எல்லாம் சேர்ந்து சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்திருந்தன. உலோகம் உலோகத்தைத் தொடவில்லை, ஒட்டவும் இல்லை. இதற்கு நிறைய ஈயம் தேவைப்படவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. அந்தக் காலத்தில் பெட்ரோலில் போட்ட அளவில் சிறு பங்கு இருந்தாலே சீட்டுக்குப் போதும். மிச்சமெல்லாம் ஆக்டேனுக்காக, அதாவது நாக்கிங்கைத் தாங்கும் திறனுக்காகப் போட்டதுதான்.

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் 'அந்தக் காலத்துப் பெட்ரோல்' என்று ஏங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஈயம் இன்ஜினுக்கு நல்லது மட்டும் செய்யவில்லை. எரிந்த ஈயம் உள்ளேயே தங்கிப் படிந்துவிடாமல் இருக்க, பெட்ரோலில் எத்திலீன் டைபுரோமைடு, எத்திலீன் டைகுளோரைடு என்ற இரண்டையும் சேர்த்தார்கள். ஈயத்தை ஆவியாகும் உப்பாக மாற்றி சைலன்சர் வழியாக வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. அதோடு ஹைட்ரோபுரோமிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களும் உண்டாயின. குளிர்ந்த இன்ஜினில் அவை ஆயிலில் கலந்து பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரின் உட்சுவரையும் அரித்தன, சைலன்சரை உள்ளிருந்தே துருவேற்றின. இவ்வளவு செய்தும் ஈயம் முழுக்க வெளியே போய்விடவில்லை. ஸ்பார்க் பிளக்கின் மூக்கில் படிந்து மின்சாரத்தைத் திருட்டு வழியில் இறக்கிவிடும். பிளக்கைக் கழற்றி மண்ணடித்துச் சுத்தம் செய்து மறுபடி போடுவது ஒரு வாடிக்கையான வேலையாகவே இருந்தது. ஈயமில்லாத பெட்ரோல் வந்தபின் பிளக், சைலன்சர், ஆயில் மூன்றின் ஆயுளும் கூடியது. ஆக, இன்ஜின் தேய்மானம் என்று மொத்தமாகப் பார்த்தால் ஈயம் போனது பெரும்பாலான வண்டிகளுக்கு லாபம்தான். நஷ்டம் ஒரே ஒரு இடத்தில்: கடினமாக்காத எக்ஸாஸ்ட் சீட்டில்.

மனித உடம்புக்கு ஈயம் செய்ததை இங்கே விரிக்கவில்லை. குழந்தைகளின் மூளையைத் தொடுகிற விஷம் அது, அந்த வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. கார்களுக்கான ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021 ஜூலையில் நிறுத்திவிட்டது.

இந்தியாவில் இது படிப்படியாக நடந்தது. 1994-ல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயத்தின் அளவை லிட்டருக்கு 0.15 கிராமாகக் குறைத்தார்கள். 1995 ஏப்ரலில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பொருத்திய புது கார்களுக்காக அதே நான்கு நகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. ஈயம் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும், அதனால்தான் இந்த அவசரம். 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் கிடையாது. இலங்கையில் 2002-ல் நின்றது.

இந்தத் தேதிகளை நான் வரலாற்றுக்காகச் சொல்லவில்லை. உங்கள் வண்டி 2000-க்குப் பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று வீட்டில் விசாரியுங்கள். அப்பா அதற்குப் பிறகும் ஏழெட்டு வருடம் ஓட்டியிருந்தால், முப்பதாயிரம் நாற்பதாயிரம் கி.மீ. ஓடியும் வால்வு வேலை வரவில்லை என்றால், உங்கள் சோதனையை அவரே செய்து முடித்துவிட்டார். 2000-க்கு முன்பே ஷெட்டுக்குப் போன வண்டி என்றால் கதை கொஞ்சம் வேறு. ஈயப் பெட்ரோலில் நீண்ட நாள் ஓடிய சீட்டில் பழைய படலம் தங்கியிருக்கும். அது ஈயமில்லாத பெட்ரோலிலும் சில ஆயிரம் கி.மீ. வரை காப்பாற்றும். 'நான் ரெண்டு மாசமா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலையே' என்று அந்தக் கட்டத்தில் முடிவுக்கு வரக்கூடாது. ஹெட்டை ஒருமுறை இறக்கி சீட்டைக் கட்டர் போட்டுச் சுத்தமாகக் கடைந்துவிட்டால் அந்தப் படலமும் போய்விடும். நன்றாக இருந்த ஹெட்டை 'எதுக்கும் ஒரு தடவை வால்வு கிரைண்டிங் பண்ணிடலாம்' என்று இறக்குவது பல சமயம் இருந்த பாதுகாப்பைத் துடைத்தெறிவதில்தான் முடிகிறது.

சரி, எந்தெந்த வண்டிக்கு இந்தக் கவலை? டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு அறவே கிடையாது. யெஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100, லாம்பி, பழைய சேட்டக் இவற்றில் வால்வே இல்லை, தேய சீட் எங்கிருந்து வரும்? ஆனாலும் 2000-ல் ஸ்கூட்டருக்கு ஈய மாற்று மருந்து வாங்கி ஊற்றியவர்கள் உண்டு. டீசல் அம்பாசிடருக்கும் இந்தப் பேச்சே வேண்டாம், டீசலில் ஈயம் எப்போதும் கிடையாது. அலுமினிய ஹெட் வண்டிகளும் பெரும்பாலும் தப்பித்தவை. அலுமினியம் வால்வின் அறையைத் தாங்காது என்பதால் தொழிற்சாலையிலேயே தனி வளையம் அடித்துத்தான் அனுப்புவார்கள். ஃபியட் 1100, அதன் வாரிசான பிரீமியர் பத்மினி, திருவொற்றியூரில் செய்த பழைய வார்ப்பிரும்பு பேரல் புல்லட், மாருதி 800 எல்லாம் இந்த வகை. மிகப் பழைய சில இன்ஜின்களில் அந்த வளையமும் மென்மையான உலோகமாக இருக்கலாம், அது விதிவிலக்கு.

மிஞ்சுவது வார்ப்பிரும்பு ஹெட்டில் நேராகச் சீட் கடைந்தவை. உங்கள் அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் குடும்பம். அது இந்தப் பட்டியலில் முதலில் வரும். சென்னையை ஒட்டிய வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இந்தப் பட்டியல்தான். வெளிநாட்டில் பழைய மினி, மாரிஸ் மைனர், 1970-க்கு முந்தைய பல அமெரிக்க கார்கள் எல்லாம் இதே ரகம். அமெரிக்கக் கம்பெனிகள் ஈயம் போகப் போகிறது என்று தெரிந்ததும் 1970-களின் தொடக்கத்திலேயே சீட்டை மின்தூண்டலில் சூடேற்றிக் கடினமாக்க ஆரம்பித்துவிட்டன.

ஆக, உங்கள் மெக்கானிக் வண்டியைச் சரியாகத்தான் அடையாளம் கண்டிருக்கிறார். அவர் கேட்க மறந்தது நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதை.

இந்தத் தேய்மானம் கிலோமீட்டர் கணக்கில் சீராக ஏறுவதில்லை. சீட்டின் சூட்டைப் பொறுத்து ஏறுகிறது. சூடு ஆர்பிஎம்மையும் பளுவையும் பொறுத்தது. ஒரு எல்லைக்குக் கீழே தேய்மானம் இருக்கிறதா என்றே தெரியாது, அதைத் தாண்டினால் திடுதிப்பென்று வேகமெடுக்கும். 1980-களின் நடுவில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் விவசாயத் துறையும் சேர்ந்து பண்ணை இன்ஜின்களை வைத்து இதைச் சோதித்தன. ஈயம் போனால் டிராக்டர்கள் என்ன ஆகும் என்று விவசாயிகள் பயந்ததுதான் காரணம். மெதுவாகச் சுற்றும் டிராக்டர் இன்ஜின்கள் பெரும்பாலும் தப்பித்தன. அதிக ஆர்பிஎம்மில் நெடுநேரம் ஓடிய, சீட் கடினமாக்காத லாரி வகை இன்ஜின்கள்தான் அடி வாங்கின. அமோகோ கம்பெனி அமெரிக்காவின் கிழக்கு, தெற்கு மாநிலங்களில் ஈயமில்லாத பிரீமியம் பெட்ரோலைப் பல பத்தாண்டுகள் விற்றது. அதை ஊற்றி அன்றாடம் ஊருக்குள் ஓடிய கார்கள் கூட்டம் கூட்டமாகக் கெட்டுவிடவில்லை.

அப்படியானால் இது பழைய பீதி மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. 2023-ல் அமெரிக்காவின் நார்த் டகோட்டா பல்கலைக்கழகம் தன் பயிற்சி விமானங்களை ஈயமில்லாத 94 ஆக்டேன் பெட்ரோலுக்கு மாற்றியது. சிறிய பிஸ்டன் விமானங்களில் இன்னும் ஈயப் பெட்ரோல்தான் வழக்கம். சில மாதங்களிலேயே எக்ஸாஸ்ட் சீட் தேய்வது பரிசோதனையில் தெரிய வந்து, அந்த அக்டோபரில் பழைய எரிபொருளுக்கே திரும்பினார்கள். விமான இன்ஜின் பெரும்பாலான நேரம் முழுப் பவருக்குப் பக்கத்திலேயே ஓடுவது. இன்றைய கடின சீட் போட்டே இந்தக் கதி என்றால், பளு என்பது எவ்வளவு பெரிய காரணம் என்று பாருங்கள்.

நம் ஊர் நிலவரத்துக்கு வருவோம். ஈயப் பெட்ரோல் காலத்தில் அம்பாசிடர் ஓடிய ரோடுகளில் அறுபதைத் தாண்டுவதே அதிகம். மாட்டுவண்டி, குழி, ரயில்வே கேட் எல்லாம் இருந்தன. இன்று நான்கு வழிச்சாலையில் ஏறினால் கால் தானாக அழுத்தும். நாலு கியர் வண்டி, மேலே ஓவர்டிரைவ் கிடையாது. தொண்ணூறில் பிடித்து இரண்டு மணி நேரம் விடாமல் ஓட்டினால், அந்த இன்ஜின் தன் வாலிபத்தில்கூடப் படாத பாட்டை இப்போது படுகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போய்வரும் வண்டிக்கு என் பதில் 'ஒன்றும் செய்ய வேண்டாம்'. மாதம் இருமுறை சென்னைக்கும் மதுரைக்கும் நெடுஞ்சாலையில் விரட்டுகிற வண்டிக்கு 'அளந்து பார்த்துக்கொண்டே இருங்கள்'. எல்பிஜிக்கு மாற்றிய பெட்ரோல் அம்பாசிடர் என்றால் ரிங் சீட் போட்டுவிடுவதே நல்லது. எரிவாயு உலர்ந்த எரிபொருள், சீட்டை அதுவும் இதே வழியில் தேய்க்கும்.

அளப்பது எப்படி என்று சொல்கிறேன். இதுதான் முக்கியமான இடம்.

வால்வுத் தண்டின் நுனிக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற கைக்கும் நடுவே விடும் சிறு இடைவெளிதான் டேப்பட் இடைவெளி. சாதாரணமாக இன்ஜின் பழசாகும்போது அது கூடும், 'டக் டக்' சத்தம் வரும். சீட் தேயும்போது நேர்மாறாக நடக்கும். வால்வு ஹெட்டுக்குள் ஏறுவதால் தண்டின் நுனி ராக்கரை நெருங்கி, இடைவெளி குறையும், சத்தம் அடங்கும். வண்டி 'தையல் மெஷின் மாதிரி' ஓடுகிறது என்று சொந்தக்காரர் சந்தோஷப்படுவார். அந்த நேரத்தில்தான் இடைவெளி பூஜ்யத்தை நெருங்கிக்கொண்டிருக்கும். பூஜ்யம் ஆனதும் வால்வு முழுதாக மூடாது, சீட் வழியாகச் சூட்டை இறக்க முடியாது, இடுக்கு வழியாக நெருப்பு பீறிட்டு வால்வின் ஓரத்தை உருக்கிவிடும். அப்புறம்தான் மிஸ்ஸிங், ஏற்றத்தில் இழுவை இல்லை, ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை என்ற புகார்களெல்லாம் வரும். பழைய வார்ப்பிரும்பு ஹெட் இன்ஜின் காரணமில்லாமல் அமைதியானால் சந்தேகப்படுங்கள்.

பி-சீரிஸ் ஹெட்டில் வால்வுகள் முன்னிருந்து பின்னாக எட்டு. முதலாவது, நான்காவது, ஐந்தாவது, எட்டாவது எக்ஸாஸ்ட். மிச்சம் நான்கும் இன்லெட். டேப்பட் பார்க்க ஒன்பதாம் கணக்கு என்று ஒரு சுலபமான வழி உண்டு. எந்த வால்வு முழுக்கத் திறந்து நிற்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வருகிற வால்வை அளக்கலாம். எட்டு திறந்திருந்தால் ஒன்றை, மூன்று திறந்திருந்தால் ஆறை. எட்டையும் கையேட்டில் சொன்ன இடைவெளிக்கு வைத்துவிட்டு நோட்டில் தேதியும் கிலோமீட்டரும் எழுதுங்கள். இரண்டாயிரம் கி.மீ. ஓடியதும், எதையும் திருகாமல் எட்டையும் அளந்து எழுதுங்கள். எப்போதும் ஒரே நிலையில் அளக்க வேண்டும்: கையேடு சூடாக என்றால் சூடாக, ஆறிய பின் என்றால் ஆறிய பின்.

இன்லெட் நான்கும் அப்படியே இருந்து எக்ஸாஸ்ட் மட்டும் குறைந்தால், அதுதான் சீட் தேய்மானம். நடுவிலுள்ள நான்கையும் ஐந்தையும் குறிப்பாகப் பாருங்கள். அவை இரண்டும் ஒரே எக்ஸாஸ்ட் வழியைப் பங்கு போடுகின்றன, பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒன்றையொன்று சூடாக்கும். பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். உதாரணமாக, 15 தௌவில் (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வைத்த எக்ஸாஸ்ட் இரண்டாயிரம் கி.மீட்டரில் 14-க்கு வந்தால் பதற வேண்டாம். ஃபீலர் கேஜ் பிடிக்கும் கையின் அழுத்தத்திலேயே அவ்வளவு வித்தியாசம் வரும். 10-க்கு வந்தால், அடுத்த இரண்டாயிரத்திலும் அதே அளவு குறைந்தால், சீட் போய்க்கொண்டிருக்கிறது. அதுவரை டேப்பட்டை அவ்வப்போது சரியாக வைத்துக்கொண்டே போனால் வால்வு எரியாது. மெதுவாகத் தேயும் சீட்டோடு பல வருடம் ஓட்டலாம்.

ரிங் சீட் போட வேண்டிய கட்டம் வந்தால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய சீட்டைச் சுற்றிப் பள்ளம் கடைந்து, கடினமான கலவை இரும்பு வளையத்தை இறுக்கமாக அடித்து உட்கார வைப்பார்கள். பள்ளத்தைவிட வளையம் ஒரு முடி அகலம் பெரிதாக இருக்க வேண்டும். ஹெட்டைச் சூடாக்கி வளையத்தைக் குளிரவைத்து இறக்குவது முறை. இறுக்கம் குறைந்தால் ஓடும்போது வளையம் கழன்று பிஸ்டன் மேல் விழும். அப்புறம் ஹெட்டோடு சேர்ந்து பிளாக்கும் போய்விடும். பள்ளத்தை ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் வழி திறந்துகொள்ளும். ஆகவே சீட் கடையும் மெஷின் உள்ள, பி-சீரிஸ் ஹெட்டை முன்பே பார்த்த பட்டறைக்குத்தான் போக வேண்டும். கைக் கட்டரும் சுத்தியலும் வைத்துச் செய்கிறேன் என்பவரிடம் ஹெட்டைக் கொடுக்காதீர்கள். எக்ஸாஸ்ட் நான்குக்கு மட்டும் ரிங் போதும், இன்லெட்டுக்கு வேண்டாம். கூடவே எக்ஸாஸ்ட் வால்வுகளையும் புதிதாகப் போடுங்கள். தேய்ந்த வால்வு முகத்தில் ஏற்கெனவே பதிந்த ஆக்சைடு புது சீட்டையும் சுரண்டும். வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடு ஆடினால் அதையும் மாற்றுங்கள். ஆடும் கைடில் வால்வு நேராக உட்காராது, எவ்வளவு நல்ல ரிங்கும் வீண்தான்.

பாட்டில் மருந்து விஷயம். எல்லாமே ஏமாற்று என்று சொல்லமாட்டேன். பிரிட்டனில் 2000-ல் ஈயப் பெட்ரோல் நின்றபோது அங்குள்ள பழைய கார் சங்கங்களின் கூட்டமைப்பு பல மருந்துகளை இன்ஜினில் ஓட்டிச் சோதித்து, தேறியவற்றுக்கு மட்டும் அங்கீகாரம் கொடுத்தது. பாஸ்பரஸ், சோடியம், பொட்டாசியம், மாங்கனீசு இவற்றில் ஏதாவது ஒன்றை அடிப்படையாகக் கொண்டவை உண்மையிலேயே சீட்டில் படலம் உண்டாக்குகின்றன. லேபிளில் இதில் எது என்று சொல்லாமல், காந்தம், தகரக் குண்டுகள், 'நானோ' என்று பேசுகிறவை பணத்துக்குப் பிடித்த கேடு. வேலை செய்கிற மருந்தும் ஒவ்வொரு டேங்குக்கும் சரியான அளவில் ஊற்றினால்தான் வேலை செய்யும். ஒரு வகையை இன்னொன்றோடு கலக்கக் கூடாது. வருடத்துக்கு மூவாயிரம் கி.மீ. ஓடுகிற, நோட்டில் தேய்மானம் தெரிகிற, ஆனால் இப்போது ஹெட்டை இறக்க மனமில்லாத வண்டிக்கு அது நியாயமான வழி. தேய்மானமே இல்லாத வண்டிக்கு எதற்கு? விமானப் பெட்ரோலைக் கொஞ்சம் வாங்கிக் கலக்கலாம் என்று யோசனை சொல்பவர்களை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். அதிலிருக்கும் டெட்ரா எத்தில் லெட் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும்.

ஆக்டேன் பற்றியும் பயம் வேண்டாம். உங்கள் இன்ஜினின் அழுத்த விகிதம் ஏழை ஒட்டியது. அந்தக் காலத்தில் நம் ஊரில் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் குறைவு, இன்று சாதாரணமே 91-க்குக் குறையாது. பிரீமியம் பெட்ரோல் போட்டால் பங்குக்காரருக்குத்தான் லாபம். ஒன்பதுக்கு மேல் விகிதம் கொண்ட பழைய ஜாகுவார் வைத்திருப்பவர் வேண்டுமானால் யோசிக்கட்டும். அங்கே ஹெட் அலுமினியம், சீட் கவலை கிடையாது, நாக்கிங் கவலைதான் உண்டு.

இன்னொன்று. இப்போது பழைய இன்ஜின்களில் வால்வுகளை இயக்கும் கேம் தேய்ந்தாலும், அதன் மேல் உரசும் டேப்பட் குழி விழுந்தாலும் பழி பெட்ரோல் மேல்தான் விழுகிறது. பல சமயம் அது ஆயில் கோளாறு. கன்வர்ட்டரைக் காப்பாற்ற இன்றைய கார் ஆயில்களில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள். உங்கள் கேமும் டேப்பட்டும் அழுத்தி உரசுகிற வகை, அவற்றுக்கு அது வேண்டும். புதிய காருக்கான மெல்லிய ஆயிலைப் போடாமல் 20டபிள்யூ-50 ரகத்தில், பழைய இன்ஜினுக்கு ஏற்றது என்று சொல்லும் ஆயிலைப் போடுங்கள்.

உண்மையில் இன்று உங்கள் வண்டியைத் தொடப்போவது ஈயம் இல்லாதது அல்ல, எத்தனால் இருப்பது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, இப்போது பெரும்பாலான பங்குகளில் அதுதான். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய கார்புரேட்டர் செட்டிங்கில் கலவை காற்றுப் பக்கம் சாயும். பெட்ரோல் போதாத கலவையில் இன்ஜின் சூடாகும், இழுவை குறையும், பளுவில் எக்ஸாஸ்ட் வால்வுக்கு அது கூடுதல் சுமை. சீட் தேய்கிறதா என்று அளக்கும் முன்பே இதைச் சரி செய்துவிடுங்கள். எஸ்யூ கார்புரேட்டராக இருந்தால் அடியிலுள்ள ஜெட் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, பிளக்கின் நிறம் வெளுப்பிலிருந்து பிஸ்கட் நிறத்துக்கு வரும்வரை பாருங்கள். சோலெக்ஸ் என்றால் ஒரு அளவு பெரிய மெயின் ஜெட் வேண்டியிருக்கும்.

ரப்பர் அதைவிட அவசரம். 1974-ன் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் எத்தனாலைப் பார்க்காதவை. ஊறி உப்பும், பிசுபிசுக்கும், பிறகு வெடிக்கும். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலே பெட்ரோல் ஹோஸ் ஒழுகுவது சீட் தேய்மானம் போலப் பல வருடக் கதை இல்லை. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள், பம்ப்புக்குப் புது டயாஃப்ரம் கிட் போடுங்கள், ஓடும்போது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு ஃபில்டர் மாட்டுங்கள். எத்தனால் பழைய டேங்கின் துருவையும் வார்னிஷையும் கரைத்துக் கொண்டுவரும் என்பதால் முதல் இரண்டு மூன்று டேங்குக்கு அந்த ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். கையில் ஒன்று உபரியாக இருக்கட்டும். வண்டி ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அடியில் தங்கும் தண்ணீர் டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். ஒன்று டேங்கை நிறைத்து வைக்க வேண்டும், இல்லை முழுக்க வடித்துவிட வேண்டும். கால் டேங்கோடு மழைக்காலம் முழுக்க ஷெட்டில் விடுவதுதான் மோசமானது.

இந்த வேலைகளை முடித்துவிட்டு டேப்பட்டை வைத்து நோட்டைத் தொடங்குங்கள். இரண்டாயிரம் கி.மீ. ஆனதும் எட்டு எண்களையும் எழுதி அனுப்புங்கள். நான்கும் ஐந்தும் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட்டு, மெக்கானிக்கிடம் ஹெட்டைக் கொடுப்பதா வேண்டாமா என்று பேசிக்கொள்ளலாம்.